தலைக் கணக்கும் அடுப்புக் கணக்கும்: சிறு நகரத்தில் நமக்கு ஏற்ற வீடு



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் பற்றி நம் கூட்டங்களில் நிறையப் பேசியிருக்கிறோம். இந்த மாதப் பாடம் வீடு பற்றியது. "வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று பெரியவர்கள் சொல்லுவாங்க. இரண்டுமே கையில் இருப்பதைக் கரைத்துவிடும் வேலை. அதிலும் பக்கத்து ஊர் டவுனாக வளர ஆரம்பித்துவிட்டால் கேட்கவே வேண்டாம். போன வருஷம் கேட்ட மனை விலை இந்த வருஷம் இல்லை. போன வருஷம் இருந்த வாடகையும் இல்லை.

ஏன் இப்படி ஆகிறது? "வெளியூர்க்காரங்க வந்துட்டாங்க, அதான்" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதை இந்தப் பாடத்தில் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

1. தலையை எண்ணுவதா, அடுப்பை எண்ணுவதா?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'குடும்பம்' என்றால் என்ன தெரியுமா? ஒரே அடுப்பில் பொங்கிச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். ஒரே கூரைக்குக் கீழே அண்ணன் குடும்பம் தனியாகவும் தம்பி குடும்பம் தனியாகவும் சமைத்தால், கணக்கில் அது இரண்டு குடும்பம்.

இப்போது தமிழ்நாட்டுக் கணக்கைப் பாருங்கள்.

- 2001-ல் தமிழ்நாட்டின் மக்கள்தொகை சுமார் 6 கோடியே 24 லட்சம். 2011-ல் சுமார் 7 கோடியே 21 லட்சம். பத்து வருடத்தில் நூற்றுக்குச் சுமார் 16 பேர் கூடியிருக்கிறார்கள்.
- 2001-ல் குடும்பங்கள் சுமார் 1 கோடியே 42 லட்சம். 2011-ல் சுமார் 1 கோடியே 85 லட்சம். பத்து வருடத்தில் நூற்றுக்குச் சுமார் 30 குடும்பங்கள் கூடியிருக்கின்றன.

தலை 16 கூடியபோது அடுப்பு 30 கூடியிருக்கிறது. அதாவது ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம்.

இதற்குக் காரணம் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். நம் பாட்டி ஆறு, ஏழு பெற்றார். நம் அம்மா மூன்று, நான்கு. நாம் ஒன்றோ இரண்டோ பெற்று நிறுத்திக்கொண்டோம். கல்யாணமான மகன் தனிக்குடித்தனம் போகிறான். மகள் வேலைக்கு வெளியூர் போகிறாள். வயதானவர்கள் ஊரிலேயே தனியாக இருக்கிறார்கள். 2011 கணக்கின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் 60 வயது தாண்டியவர்கள். அவர்களில் பலர் ஒற்றை ஆளாக ஒரு அடுப்பு.

ஆகவே, வெளியூரிலிருந்து ஒருவர்கூட வராவிட்டாலும் நம் ஊருக்கு வீடு கூடுதலாகத்தான் தேவைப்படும். பத்துப் பேர் இருக்கிற பெரிய வீடு இல்லை. இரண்டு பேர், மூன்று பேர் இருக்கிற சின்ன வீடு. அதுவும் கைக்கு எட்டுகிற விலையில்.

இதோடு நகரமும் வளர்கிறது. 1991-ல் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 34 பேர் நகர்ப்புறத்தில் இருந்தார்கள். 2001-ல் 44 பேர். 2011-ல் 48 பேர். எல்லோரும் சென்னைக்கோ கோவைக்கோ போய்விடவில்லை. பேரூராட்சிகளும் சிறு நகராட்சிகளும் வளர்ந்தன. கிராமமாக இருந்த ஊர்களே நகரக் கணக்கில் சேர்ந்தன.

2. ஸ்ரீபெரும்புதூரைப் பார்த்துப் படிப்போம்

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில், சென்னையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கிறது ஸ்ரீபெரும்புதூர். ராமானுஜர் பிறந்த ஊர். கோயிலும் ஏரியும் விவசாயமுமாக இருந்த ஊர். 1990-களில் சுற்றுவட்டாரத்தில் சிப்காட் தொழிற்பூங்காக்கள் வந்தன. 1998-ல் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கியது. 2006-ல் நோக்கியா கைபேசி ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. பின்னாலேயே மின்னணு ஆலைகள் பலவும் வந்தன.

ஊர் எப்படி மாறியது? 2001-ல் பேரூராட்சியின் மக்கள்தொகை சுமார் 16 ஆயிரம். 2011-ல் சுமார் 25 ஆயிரம். ஆனால் எண்ணிக்கை மட்டும் மாறவில்லை, ஆட்களின் வகையும் மாறியது. மின்னணு ஆலைகளில் வேலை பார்க்க வந்தவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து வந்தார்கள். பிற மாநிலங்களிலிருந்தும் ஆணும் பெண்ணுமாக வந்தார்கள். இவர்களுக்குத் தேவைப்பட்டது வீடு இல்லை, ஒரு படுக்கை, ஒரு குளியலறை, பயமில்லாத ஒரு கதவு.

அது சரியாகக் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை 2021 டிசம்பரில் பார்த்தோம். ஒரு மின்னணு ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் கெட்டுப்போன சாப்பாட்டால் 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஆத்திரமடைந்த பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். ஒரு அறையில் அளவுக்கு மீறி ஆட்களை அடைத்து வைத்திருந்ததும், தண்ணீர், கழிப்பறை வசதிகள் சரியில்லாததும் அப்போதுதான் வெளி உலகத்துக்குத் தெரிந்தது. அவர்கள் நம் பிள்ளைகள். நம்மைப் போன்ற குழு உறுப்பினர்களின் மகள்கள்.

அதன் பிறகு வல்லம் வடகால் சிப்காட் பூங்காவில் அரசு பெரிய குடியிருப்பு ஒன்றைக் கட்டியது. 2024 ஆகஸ்ட் 17 அன்று திறக்கப்பட்டது. செலவு 706 கோடியே 50 லட்சம் ரூபாய். 13 கட்டடங்கள். மொத்தம் 18,720 பெண்கள் தங்கலாம்.

இந்த எண்ணைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். 2011-ல் ஸ்ரீபெரும்புதூர் பேரூராட்சி முழுக்க இருந்த மக்கள் சுமார் 25 ஆயிரம். அந்த ஊரின் முக்கால் பங்கு அளவுக்கு ஆட்கள் ஒரே குடியிருப்பில்! ஒரு சிறு நகரத்துப் பக்கத்தில் தொழில் வந்தால் மக்கள் எவ்வளவு வேகமாகக் கூடுவார்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

இதில் நாம் கற்க வேண்டியது மூன்று.

ஒன்று: வருகிறவர்களுக்கு முன்கூட்டியே இடம் செய்யாவிட்டால், அவர்களும் கஷ்டப்படுவார்கள், ஏற்கெனவே ஊரில் வாடகைக்கு இருப்பவர்களும் கஷ்டப்படுவார்கள். ஒரே அறைக்கு ஆறு பெண்கள் சேர்ந்து ஆளுக்கு 1,500 ரூபாய் கொடுத்தால் 9,000 ஆகிறது. அதே அறைக்கு ஒரு கூலிக் குடும்பம் 9,000 கொடுக்க முடியுமா?

இரண்டு: விடுதி கல்யாணம் வரைக்கும்தான். இன்றைக்கு 20 வயதில் விடுதியில் இருக்கிற பெண், ஐந்து வருடம் கழித்து அந்த ஊரிலேயே குடும்பம் நடத்த நினைத்தால் ஒரு சின்ன வீடு தேவை. அது இல்லையென்றால் வேலையை விட்டு ஊருக்குத் திரும்புவாள். அவளுக்குக் கிடைத்த சொந்தச் சம்பளம் அதோடு நின்றுவிடும்.

மூன்று: வந்தது போகவும் செய்யும். அதே நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1-ல் உற்பத்தியை நிறுத்தியது. எட்டு வருடம்தான். வீட்டுக் கடன் பத்து, பதினைந்து வருடம் ஓடும். ஒரே ஒரு ஆலையை நம்பிக் கடன் வாங்கி அறை கட்டுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

3. 'கட்டுப்படியாகும் வீடு' என்றால் என்ன?

விலை குறைவான வீடெல்லாம் கட்டுப்படியாகும் வீடு இல்லை. ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீட்டுக்குப் போகாமல் இருந்தால்தான் கட்டும் என்பது பொதுவான கணக்கு. மீதி இரண்டு பங்கில்தான் சாப்பாடு, படிப்பு, வைத்தியம், சேமிப்பு எல்லாம்.

ஒரு உதாரணக் கணக்குப் போடுவோம். மாத வருமானம் 15,000 ரூபாய். மூன்றில் ஒரு பங்கு 5,000.

- ஊருக்குள் வாடகை 5,500 ரூபாய். "ஐயோ, கட்டாது" என்று சொல்லுவோம்.
- ஊருக்கு வெளியே 12 கிலோமீட்டரில் வாடகை 3,500 ரூபாய். "இது பரவாயில்லை" என்போம்.

ஆனால் வெளியே இருந்து இரண்டு பேர் வேலைக்கு வந்து போக வேண்டும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 40 ரூபாய் என்றால், 25 நாளைக்கு இரண்டு பேருக்கு 2,000 ரூபாய். 3,500-உம் 2,000-உம் சேர்ந்தால் 5,500. இரண்டும் ஒன்றுதான்! அதோடு காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் வழியிலேயே போகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்தால் ஓடி வரவும் முடியாது.

ஆகவே வீட்டு வாடகையோடு பஸ் காசு, தண்ணீர்க் காசு, கரண்டுக் காசு மூன்றையும் சேர்த்துத்தான் 'வீட்டுச் செலவு' என்று எழுத வேண்டும். தூரமாக இருக்கிற மலிவான வீடு பல சமயம் மலிவே இல்லை.

4. நம்மிலேயே இரண்டு பக்கம் இருக்கிறது

இதை மறைக்காமல் பேசிவிடுவோம். ஒரே குழுவில் ஒரு அக்கா லைன் வீடு கட்டி வாடகைக்கு விடுகிறார். இன்னொரு தங்கை வாடகைக்குக் குடியிருக்கிறார். ஊரில் ஆட்கள் கூடினால் அக்காவுக்கு வரவு, தங்கைக்குச் செலவு. இருவரும் வாரா வாரம் ஒரே பாயில் உட்கார்ந்து சேமிப்புக் கட்டுகிறார்கள். இருவருக்கும் நியாயம் வேண்டும்.

வாடகைக்கு விடுகிற அக்காவுக்கு ஒரு கணக்கு. 4 லட்சம் கடன் வாங்கி இரண்டு அறை கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வட்டி வருடத்துக்கு நூற்றுக்கு 12. முதல் வருடம் வட்டி மட்டும் சுமார் 48,000 ரூபாய். ஒரு அறை வாடகை 3,000 என்றால் இரண்டுக்கும் மாதம் 6,000. பன்னிரண்டு மாதமும் ஆள் இருந்தால் 72,000 வரும். நான்கு மாதம் காலியாகக் கிடந்தால் 48,000-தான் வரும். வட்டிக்கே சரியாகிவிட்டது. அசலுக்கு என்ன செய்வது? பக்கத்தில் அரசு விடுதி வருகிறதா, ஆலையில் ஆள் குறைக்கிறார்களா என்று விசாரிக்காமல் கடன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. குழுவும் அதைக் கேட்காமல் தீர்மானம் எழுதக் கூடாது.

வாடகைக்கு இருக்கிற தங்கைக்கும் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அது நகர்ப்புறப் பகுதிகளுக்குப் பொருந்தும். அதில் முக்கியமானவை:

- வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும்.
- ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. காலி செய்யும்போது, கழிக்க வேண்டியதைக் கழித்து மீதியைத் திருப்பித் தர வேண்டும்.
- சண்டை வந்துவிட்டது என்று தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது.

போக்கியத்துக்கு இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இரண்டு லட்சம், மூன்று லட்சம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருக்கிறோம். அது நம் வாழ்நாள் சேமிப்பு. பணம் கொடுக்கும் முன்னால் அந்த வீட்டுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். வங்கியில் அடமானத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். வெள்ளைத்தாளில் எழுதி வாங்கியதை வைத்துக்கொண்டு நாளைக்கு வழக்கில் ஜெயிப்பது கஷ்டம்.

5. மனை வாங்கும் முன்னால்

ஊர் வளரும்போது நெடுஞ்சாலை ஓரத்தில் கலர் கொடி நட்டு, வேனில் கூட்டிப் போய், மதியச் சாப்பாடு போட்டு மனை விற்பார்கள். மாதத் தவணை என்பார்கள். நம் பெண்களின் சீட்டுப் பணமும் தாலிச் செயினும் போகிற இடம் இது.

2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று தடை போட்டது. பணம் கட்டி முடித்தும் பத்திரம் பதிய முடியாமல் எத்தனையோ குடும்பங்கள் தவித்தன. பிறகு 2017-ல் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டு வந்தது. 2016 அக்டோபர் 20-க்குள் விற்கப்பட்ட மனைகளுக்குக் கட்டணம் கட்டி வரன்முறை செய்துகொள்ள வழி கிடைத்தது. மலிவு என்று வாங்கிய மனைக்கு மேற்கொண்டு செலவு வந்தது.

ஆகவே முன்பணம் கொடுக்கும் முன் இந்த ஐந்தையும் கேளுங்கள்:

- நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகார எண் இருக்கிறதா? "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று வாயால் சொல்வது போதாது.
- 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவு என்றால், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிந்த எண் என்ன?
- பட்டா யார் பெயரில் இருக்கிறது? விற்கிறவர் பெயரும் பட்டாவில் இருக்கிற பெயரும் ஒன்றுதானா?
- வில்லங்கச் சான்றில் அடமானம், வழக்கு ஏதாவது காட்டுகிறதா?
- அந்த இடம் ஏரி, குளம், வாய்க்கால் புறம்போக்கு ஆகுமா? ஊர்ப் பெரியவர்களிடம் "மழைக்காலத்தில் இங்கே தண்ணீர் நிற்குமா?" என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும்.

வெட்கப்படாமல் கேளுங்கள். காகிதம் காட்டத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம்.

6. ஊராட்சி நகரத்தோடு சேர்ந்தால்

சிறு நகரம் வளரும்போது சுற்றியுள்ள கிராம ஊராட்சிகளைப் பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சியோடு சேர்க்கிறார்கள். 2025 ஜனவரியில்கூட தமிழக அரசு இப்படிப் பல ஊராட்சிகளை நகர அமைப்புகளோடு இணைக்கவும், புதிய பேரூராட்சிகள், நகராட்சிகள் உருவாக்கவும் அறிவிப்பு வெளியிட்டது. பல ஊர்களில் பெண்கள் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்கள் பயத்தில் நியாயம் உண்டு.

- ஊரக வேலைத் திட்டம் கிராம ஊராட்சிக்குத்தான். நகரத்தோடு சேர்ந்தால் அந்தக் கூலி நிற்கும்.
- வீட்டுத் திட்டமும் மாறும். 2016-ல் வந்த பிரதமர் ஊரக வீட்டுத் திட்டமும், 2024-ல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லம் திட்டமும் ஊரகத்துக்கானவை. கனவு இல்லம் திட்டத்தில் குடிசைக்குப் பதிலாக 360 சதுர அடி வீடு கட்ட 3 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. நகரத்துக்குள் போய்விட்டால் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தில்தான் கேட்க வேண்டும். அதற்குத் தனி நிபந்தனைகள். சொந்த மனையில் கட்டுவதற்கான உதவி கேட்டால், மனைக்கு உரிமைக் காகிதம் வேண்டும்.
- வீட்டு வரி நகர விகிதத்துக்கு மாறும்.

நல்லதும் உண்டு. குடிநீர்க் குழாய், கழிவுநீர் வசதி, தெருவிளக்கு, பஸ் வசதி கூடலாம். ஆனால் நல்லது மெதுவாக வரும், கஷ்டம் உடனே வரும். அதனால்தான் இணைப்புப் பேச்சு காதில் விழுந்ததுமே நாம் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. நத்தத்தில் குடியிருந்து பட்டா வாங்காமல் இருப்பவர்கள் இப்போதே மனு கொடுக்க வேண்டும். ஊரக வீட்டுத் திட்டப் பட்டியலில் பெயர் இருப்பவர்கள், அந்தப் பெயர் எந்த நிலையில் இருக்கிறது என்று ஊராட்சி அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். மனை விலை ஏறுவதற்கு முன்னால் காகிதம் கையில் இருக்க வேண்டும். விலை ஏறிய பிறகு, காகிதம் இல்லாத ஏழையின் இடத்துக்கு எத்தனையோ சொந்தக்காரர்கள் முளைப்பார்கள்.

7. வீடு யார் பெயரில்?

கடன் நம் பெயரில், தவணை நம் கூலியில், பத்திரம் மட்டும் அவர் பெயரில். இது எத்தனை வீட்டில் நடக்கிறது? கணவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் நாளைக்கு அவர் இல்லையென்றால், பங்காளி வந்து வாசலில் நிற்கும்போது நம் கையில் என்ன இருக்கும்?

அரசுத் திட்ட வீடுகளே இதற்கு வழிகாட்டுகின்றன. பிரதமர் வீட்டுத் திட்டத்தில் பெண் பெயரிலோ கணவன் மனைவி இருவர் பெயரிலோதான் பொதுவாக வீடு ஒதுக்குகிறார்கள். மனை, வீடு வாங்குபவர்களுக்கும் ஒரு சலுகை அறிவிக்கப்பட்டது. 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் நூற்றுக்கு ஒரு ரூபாய் குறைவு. 8 லட்சம் ரூபாய் மனைக்கு 8,000 ரூபாய் மிச்சம். "உன் பேரில் எதுக்கு?" என்று வீட்டில் கேட்டால், "எட்டாயிரம் மிச்சமாகுதே" என்று சொல்லுங்கள். அந்தப் பதிலுக்கு மறுபேச்சு குறைவு.

பிறந்த வீட்டுச் சொத்திலும் நமக்குப் பங்கு உண்டு. இந்துக் குடும்பங்களில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது. 2005-ல் நாடு முழுவதும் அந்த உரிமை வந்தது. தனியாக இருக்கிற வயதான அம்மாவின் வீட்டை விற்கிறோம் என்று யாராவது வந்தால், மகள் கையெழுத்து வெறும் சடங்கு இல்லை. படித்துப் பார்த்துப் போடுங்கள். முதலில் அம்மாவுக்குக் கடைசி வரை இருக்க இடம் உண்டா என்று கேளுங்கள்.

8. குழுக் கூட்டத்தில் செய்ய வேண்டிய பயிற்சி

அடுத்த கூட்டத்தில் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். ஊக்குநர் ஒரு பெரிய தாளில் தெருவை வரையட்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புளியங்கொட்டை வையுங்கள். அந்த வீட்டில் இரண்டு அடுப்பு இருந்தால் இரண்டு கொட்டை. பிறகு இவற்றை எண்ணுங்கள்:

- தெருவில் கதவு எத்தனை? அடுப்பு எத்தனை?
- தனியாக இருக்கும் வயதானவர்கள் எத்தனை பேர்?
- பூட்டிக் கிடக்கும் வீடுகள் எத்தனை?
- வாடகைக்கு இருப்பவர்கள் எத்தனை? அவர்களில் ஒப்பந்தம் எழுதியவர்கள் எத்தனை?
- பத்து வருடத்தில் புதிதாக வந்தவர்கள் யார்? போனவர்கள் யார்?
- பட்டா இல்லாமல் இருக்கும் வீடுகள் எத்தனை? பெண் பெயரில் பட்டா எத்தனை?

சில தெருக்களில் ஒரு பக்கம் வயதான பாட்டி மூன்று அறை வீட்டில் தனியாக இருப்பார். எதிர்ப்பக்கம் ஒரே அறையில் ஐந்து பேர் இருப்பார்கள். பாட்டியின் ஒரு அறையை வேலைக்குப் போகிற இரண்டு பெண்களுக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தோடு வாடகைக்கு விட்டால், பாட்டிக்குத் துணையும் வரவும் கிடைக்கும், அந்தப் பெண்களுக்குப் பயமில்லாத இடம் கிடைக்கும். புதிய கட்டடமே தேவையில்லை. இப்படிப்பட்ட வழியெல்லாம் கொட்டையை எண்ணிப் பார்த்தால்தான் கண்ணில் படும்.

எண்ணியதைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். கிராம ஊராட்சியாக இருந்தால் கிராம சபையில் வையுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களை நாம் மறப்பதில்லை. நகரமாகிவிட்ட இடத்தில் வார்டு உறுப்பினரிடமும் பகுதி சபையிலும் கொடுங்கள். "எங்களுக்கு வீடு வேணும்" என்று பொதுவாகக் கேட்டால் "பார்க்கலாம்மா" என்று அனுப்பிவிடுவார்கள். "எங்கள் தெருவில் 62 கதவு, 91 அடுப்பு, 14 வீட்டுக்குப் பட்டா இல்லை" என்று எழுதிக் கொடுத்தால் அதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கூட்டத்தில் விவாதிக்க:

1. நம் ஊருக்குப் புதிதாக வருகிறவர்களால் நம் குழுவில் யாருக்கு லாபம், யாருக்குக் கஷ்டம்? இருவருக்கும் பொதுவாக என்ன விதி வைக்கலாம்?
2. வாடகை அறை கட்டக் கடன் கேட்டு வரும் உறுப்பினரிடம் குழு என்னென்ன கேள்வி கேட்க வேண்டும்?
3. வீட்டுக் கடன் கொடுக்கும்போது பத்திரம் பெண் பெயரில் அல்லது இருவர் பெயரில் இருக்க வேண்டும் என்று குழுவில் தீர்மானம் போடலாமா?

மூன்றாவது கேள்விக்கு உங்கள் குழு எடுத்த முடிவைக் கூட்டமைப்புக்கு எழுதுங்கள். திட்டங்களின் தொகையும் நிபந்தனையும் அவ்வப்போது மாறும். விண்ணப்பிக்கும் முன் ஊராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில் நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தனியாகப் போக வேண்டாம், இரண்டு மூன்று பேராகப் போங்கள்.